தொப்பிச்சாமிக்குக் கடைசிச் சுருட்டு

எங்கள் ஊசிமலைத் தோட்டத்தில் ஒரு சாமி உண்டு. அவருக்கு வேல் இல்லை, சூலம் இல்லை, ஏறி உட்கார மயில் மாடு எதுவும் இல்லை. தொப்பி மட்டும் உண்டு. வெள்ளைக்காரத் தொப்பியும் முறுக்கிய மீசையும் இறுகிய வாயுமாக, மார்பு வரைக்கும் செதுக்கிய ஒரு கல் சிலை. அதற்குக் கீழே ஆளுயரத் தூண். தூணில் இங்கிலீஷில் நாலு வரி. காட்டை வெட்டி இந்தத் தோட்டத்தை உண்டாக்கிய ஹார்க்னஸ் துரையின் ஞாபகமாக, அவருடைய கூட்டாளித் துரைமார் வைத்த கல் அது. இங்கிலீஷ் தெரியாத எங்கள் சனம் அதற்குத் தொப்பிச்சாமி என்று பேர் வைத்துக் கும்பிட ஆரம்பித்து எத்தனை தலைமுறை ஆயிற்றோ. நான் பிறக்கும்போதே அவர் சாமிதான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, காமன் கூத்து முடிந்த கையோடு, அவருக்குச் சுருட்டும் சாராயமும் வைப்போம். பொம்பளைகள் கும்மியடித்துப் பாடுவோம். தோட்டத்துக்கு எந்த மெனேஜர் வந்தாலும் அவரையும் தொரை என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் மாற்றலாகிப் போய்விடுவார். இந்தத் தொரை மட்டும் போகவே இல்லை. கம்பிவேலி போட்ட நல்ல சமதரையில், வெயில் படுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

அந்தச் சமதரைதான் எனக்கு வேண்டியிருந்தது.

என் பேர் விஜயலெட்சுமி. கொழுந்து எடுக்கிறவள். என் மகள் கிருஷிகாவுக்கு மூன்று வயது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் மலையேறுவேன். தாய்மார் கொழுந்துக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. எங்கள் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மண்மேடு. போன ஐப்பசி மழையில் அந்த மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்தது. பிறகு சுவரிலும் விழுந்தது. முதலில் நூல் மாதிரி இருந்தது, மார்கழி வருவதற்குள் என் சுண்டுவிரல் உள்ளே போயிற்று.

என் சித்தி மீரியபெத்தயில் வாழ்க்கைப்பட்டவள். அந்த மலை சரிந்த காலையில் அவள் சட்டிபானையோடும் பிள்ளைகளோடும் மண்ணுக்குள் போனாள். அதனால் வெடிப்பு என்றால் எனக்கு விளக்கம் தேவையில்லை. மலையில் நிரை பிடித்து நிற்கும்போது, கூடை நிறைகிறதோ இல்லையோ, கொஞ்சத்துக்கொருதரம் திரும்பிக் கீழே அந்தத் தகரக் கூரையைப் பார்ப்பேன். இருக்கிறதா? இருக்கிறது. மறுபடி கொழுந்து. கங்காணி பேசுவார். பேசட்டும்.

மண்சரிவு ஆபீசர்மார் வந்து பார்த்தார்கள். பிள்ளைகளை இங்கே வைக்கவே கூடாது என்றார்கள். தோட்டம் முழுக்க நடந்து, கம்பியைக் குத்திப் பார்த்து, கடைசியில் ஒரே ஓர் இடத்தைத்தான் காட்டினார்கள். தொப்பிச்சாமி நிற்கிற சமதரை. அடியில் ஒரே பாறையாம், அசையாதாம். வெள்ளைக்காரன் தனக்கு இடம் பிடிப்பதில் என்றைக்கு ஏமாந்தான்?

புதுக் கட்டடத்துக்கு மாகாணசபையில் பணம் ஒதுக்கிவிட்டார்கள். இடத்தை மட்டும் தை பிறப்பதற்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது வேறு தோட்டத்துக்குப் போய்விடும். இப்போதைய தொரை நல்ல மனுசன்தான், ஆனால் வழுக்கிப் போகிறதில் விலாங்குமீன். "கல்ல எடுக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அது உங்க சாமி. நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா எல்லாரும் என்னைத்தான் கேப்பீங்க. நீங்க எல்லாரும் ஒரே முடிவா வாங்க, கையெழுத்து வைக்கிறேன்" என்றார்.

எல்லாரும் ஒரே முடிவாக வருவதாம். தேங்காய் உடைக்கிற நேரத்துக்கே ஒரே முடிவுக்கு வராத சனம் நாங்கள்.

முதலில் மறித்தவள் இராக்கம்மாக்கா. அவள்தான் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கிறவள். குணத்தில் தங்கம், பிடிவாதத்தில் கருங்கல். தொப்பிச்சாமியின் காலடியில் எரிந்த சுருட்டுச் சாம்பலைத் திருநீற்றோடு கலந்து ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பாள். தினமும் காலையில் பிள்ளைகள் அவள் முன்னால் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் அதைப் பூசிவிட்டுத்தான் கஞ்சி கொடுப்பாள். என் கிருஷிகாவும் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டுவாள்.

"இந்தச் சுவரு இம்புட்டு நாளா ஏன் விழல? அவரு காவலுக்கு நிக்கிறாருடி. அவரப் பேத்து எறிஞ்சா மேடு அன்னைக்கே வரும்" என்றாள்.

"அக்கா, ஒரு வேள வந்துட்டா?"

"வராது."

"வந்துட்டா?"

"உனக்கு நம்பிக்க இல்லன்னா உம் புள்ளயக் கூடையில போட்டுத் தூக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றையிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை. பிள்ளையை வாங்குவாள், பிள்ளையைக் கொடுப்பாள், முகம் மட்டும் அந்தப் பக்கம் இருக்கும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். கோபத்துக்குப் பின்னால் அழுகையும் வரும். அவள் கையில்தானே என் பிள்ளை இருக்கிறாள்.

இந்த லட்சணத்தில் அவள் மகன் விஜேந்திரன் கெம்பசிலிருந்து லீவுக்கு வந்து சேர்ந்தான். சரித்திரம் படிக்கிறவன். ஹார்க்னஸ் துரை யார் என்று தேடிப் படித்திருக்கிறான். வாந்திபேதி வந்த வருஷத்தில் நோயாளிகளோடு சேர்த்து, சனம் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயத்தையே வெளியிலிருந்து பூட்டிவைத்த மனுசன் அவர். சாட்டையில்லாமல் மலைக்கு வந்ததில்லையாம். அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருக்கச் சண்டை போட்ட தளபதிகளுடைய சிலைகளை, ஊர் நடுவில் நின்ற சிலைகளை, கிரேன் வைத்து இறக்கிவிட்டார்களாம். நாம் மட்டும் சுருட்டுக் கொளுத்துகிறோம் என்று பேஸ்புக்கில் எழுதி, தொப்பிச்சாமியின் படத்தையும் போட்டுவிட்டான்.

அப்புறம் என்ன, உலகம் முழுக்க எங்கள் வேலிக்குள் வந்துவிட்டது. கனடாவில் ஒருவர் இன்றைக்கே உடையுங்கள் என்றார். கொழும்பில் ஒருவர், பிழையோ சரியோ அது சரித்திரம், கை வைக்காதீர்கள் என்றார். ஒரு சுற்றுலாக் கம்பனிக்காரர் நேரிலேயே வந்து, சிலைக்கு ஒரு கூரை போட்டால் வெள்ளைக்காரர் பார்க்க வருவார்கள், தேத்தண்ணிக் கடை வைக்கலாம் என்றார். பேசின ஒருவராவது பிள்ளைக் காம்பராவின் வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாரா? கேட்கக்கூடாது.

சாமான் வாங்கப் பதுளைக்குப் போனால் அங்கேயும் இதே கதைதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸலீம் நானாவின் கடை. எங்கள் தோட்டத்துக்கு அரிசி மரக்கறி எல்லாம் அவர் லொறியில்தான் வரும். தொப்பிச்சாமியின் சுருட்டும் அவர் கடையில்தான்.

"என்ன விஜி புள்ள, உங்கட சாமிய எடுக்கப் போறீங்களாம்? எனக்குத்தான் நட்டம். அந்தச் சுருட்ட மனுசன் ஒருத்தரும் வாங்குறல்ல" என்றார்.

"வெளையாடாதீங்க நானா. வவுறு எரியுது."

அவர் சிரிப்பை நிறுத்தினார். வெடிப்பைப் பற்றிச் சொன்னேன். சித்தியைப் பற்றியும் சொன்னேன். சாமானைக் கட்டிக்கொண்டே கேட்டவர், கடைசியில், "சாமி விசயத்துல நான் வாய் வைக்க மாட்டேன். அது உங்கட பாடு. லொறி தேவைப்பட்டாச் சொல்லுங்க. அது எண்ட பாடு" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

அடுத்த நாள் பின்னேரம் நான் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது வேலியோரம் ஒரே கூட்டம். விஜேந்திரன் சம்மட்டியோடு நிற்கிறான். இராக்கம்மாக்கா சிலைக்கு முதுகைக் கொடுத்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"எந்திரிம்மா."

"அடி. மொதல்ல என்னைய அடி, அப்புறம் அவர அடி. ரெண்டு வயசுல காய்ச்ச வந்து கண்ணு சொருகிக் கெடந்தியே, அன்னைக்கு இவருகிட்டதான்டா மடிப்பிச்ச கேட்டேன். நீ இன்னைக்குச் சம்மட்டி தூக்குறன்னா அது இவரு போட்ட உசுரு."

அவன் சம்மட்டியைக் கீழே போடவும் இல்லை, தூக்கவும் இல்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. எனக்கு இரண்டு பேர்மேலும் ஆத்திரம். ஒருத்தி கல்லைக் காப்பாற்றப் பிள்ளைகளை விடுகிறாள், ஒருத்தன் கல்லை உடைக்கத் தாயை விடுகிறான். உடைத்துவிட்டு அவன் கெம்பசுக்குப் போய்விடுவான், ஊர் வெட்டுக்குத்தில் கிடக்கும், பணம் வேறு தோட்டத்துக்குப் போகும். கணபதி தலைவர்தான் நடுவில் விழுந்தார். தொழிற்சங்கத் தலைவரும் அவர்தான், கோயில் பூசாரியும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில் கூட்டம், அதுவரைக்கும் யாரும் வேலிக்குள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிக் கலைத்தார்.

ஞாயிறு வந்தது. எல்லா லயத்திலிருந்தும் சனம் வந்திருந்தது. பேச்சு ஒரு பொழுதுக்கு நடந்தது. சிலர் உடைக்கச் சொன்னார்கள், சிலர் கூரை போடச் சொன்னார்கள். ஒருத்தர் சம்பந்தமே இல்லாமல் தண்ணீர்க்குழாயைப் பற்றிப் பேசினார். நானும் எழுந்தேன். நிறையச் சொல்ல நினைத்துப் போனவள், "அந்தச் சுவருக்குப் பக்கத்துல எம் புள்ள தூங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விஜேந்திரன் வாந்திபேதிக் கதையைச் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். சனம் உச்சுக் கொட்டியது. ஆனால் இராக்கம்மாக்கா விடவில்லை.

"இருக்கட்டும்டா. உசுரோட இருக்கையில மனுசன் எப்பிடியும் இருப்பான். செத்து சாமியானப்புறம் நம்மளக் காத்தாரா இல்லையா? அவர நேசிச்சுத்தானே நம்ம ஆளுங்க பாட்டுக் கட்டிப் பாடுனாங்க? வருசா வருசம் நானும் பாடுறேன். கேளுங்க" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, களத்தின் நடுவில் நின்று பாட ஆரம்பித்தாள். அவள் குரல் இன்றைக்கும் கணீரென்றுதான் இருக்கும்.

*சுருட்டு வச்சோம் தொரையே - நீ*
*சுத்திச் சுத்தி வராத*
*சாராயம் வச்சோம் தொரையே - நீ*
*சாட்டையத் தூக்கிப் பாக்காத*

வழக்கம்போலப் பொம்பளைகள் கை தட்டினார்கள். என் கையும் தானாகத் தட்டியது.

*வேலியத் தாண்டி வராத - எங்க*
*லயத்துப் பக்கம் நிக்காத*
*தொட்டில் கட்டுன வாசல்ல - உன்*
*தொப்பி நெழலு...*

அந்த இடத்தில் பாட்டு நின்றது. மறந்துபோய் நிற்கவில்லை. அந்தப் பாட்டை அவள் தூக்கத்தில் கேட்டாலும் பாடுவாள். 'தொப்பி நெழலு விழவேணாம்' என்பதுதான் அடுத்தது. களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் கும்மியடிக்கும்போது மெட்டு இழுத்துக்கொண்டு போய்விடும். சுருட்டு, சாராயம், கைதட்டல், சிரிப்பு. என்ன சொல்லிப் பாடுகிறோம் என்று யார் நின்று கேட்டது? வழக்குப் பேசுகிற இடத்தில், வாதத்துக்காக ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பாடினபோதுதான், பாடினவளுக்கே அது காதில் விழுந்தது.

அது வா என்று கூப்பிடுகிற பாட்டு இல்லை. வராதே என்று கெஞ்சுகிற பாட்டு. செத்த பிறகும் அந்தச் சாட்டைக்குப் பயந்து, திரும்பி வந்துவிடாதே, அங்கேயே கிட என்று சுருட்டைக் கொடுத்துக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் எங்கள் ஆட்கள். அத்தனை பயத்தையும் ஒரு கும்மிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டுப் போன சனத்தை நினைத்து நெஞ்சு வலித்தது.

இராக்கம்மாக்கா களத்தில் நின்றபடி தன் வலதுகையைப் பார்த்தாள். தினமும் சாம்பல் தொடுகிற கை.

"தொட்டில் பக்கம் வராதன்னு பாடியிருக்காக" என்றாள் மெல்ல. "நான் அவரு காலடிச் சாம்பலக் கொண்டாந்து, புள்ளைங்க நெத்தியிலயே வச்சிருக்கேனே விஜி."

என் பேரைச் சொன்னாள். இத்தனை நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை. நான் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். விஜேந்திரனும் வந்துவிட்டான். ஜெயித்த முகம் அவனிடம் இல்லை.

"அப்ப உன்னைப் பொழைக்க வச்சது யாருடா?" என்று அவனைக் கேட்டாள்.

"நீதாம்மா. என்னைத் தூக்கிட்டு பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் மழையில நடந்தது நீ. அவரு வேலிய விட்டு அசையவே இல்லையே" என்றான். அந்தப் படிப்பாளிப் பயல் வாயிலிருந்து அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு சரித்திரம் வந்தது.

அவள் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, நிமிர்ந்தாள். பிடிவாதம் எங்கே போகும்? அது பிறவிக்குணம். "கல்ல எடுங்க. ஆனா சம்மட்டி படக்கூடாது. இத்தன நாளு சாமின்னு கும்பிட்டது நம்ம கையி. வந்த ஆள அனுப்புற மாதிரி முறையா அனுப்பணும்" என்றாள்.

"அது சரியான பேச்சு" என்றார் கணபதி தலைவர். எங்கே அனுப்புவது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மெயின் ரோட்டுக்கு இறங்குகிற வழியில் ஒரு சின்னக் கோயில், கிறிஸ்தவர்களுடையது. அதன் பின்பக்கம் பழைய துரைமாரின் கல்லறைகள் இருக்கின்றன. ஹார்க்னஸ் துரையைப் புதைத்ததும் அங்கேதான். அந்தக் கோயில் சாமியாரிடம் கேட்டபோது, "அவரோட கல்லு அவரோட தலைமாட்டுல இருக்கட்டும். அதுல என்ன செஞ்சாருன்னும் எழுதி வச்சா நல்லது" என்றார். எழுதுகிற வேலையை விஜேந்திரன் எடுத்துக்கொண்டான். மெனேஜர் தொரையும் சொன்ன சொல் மாறாமல் கையெழுத்து வைத்தார்.

தை பிறப்பதற்கு முன்னான கடைசி ஞாயிற்றுக்கிழமை ஸலீம் நானா லொறியோடு வந்தார். கூடவே ஒரு பார்சல். கடையில் மிச்சமிருந்த சுருட்டு. "கடைசித் தடவ. சும்மா வச்சிக்கோங்க. பூசைக்கில்ல, வழிச்செலவுக்கு" என்று என் கையில் கொடுத்துவிட்டு, பூசை முடிகிற வரைக்கும் லொறியிலேயே உட்கார்ந்திருந்தார்.

கணபதி தலைவர் சூடம் காட்டினார். இராக்கம்மாக்கா சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் காலடியில் வைத்தாள். "தொரையே, நீ உன் ஆளுங்ககிட்டப் போ. இங்க எங்க புள்ளைங்க வருது" என்றாள். அவ்வளவுதான். பாடவில்லை.

கயிற்றைக் கட்டி ஆம்பிளைகள் இழுத்தார்கள். நாள் முழுக்கப் போகும் என்றுதான் நினைத்தோம், சோறு கூட ஆக்கி வைத்திருந்தோம். விஜேந்திரன் ஒரு பக்கம் கடப்பாரையால் நெம்பினான். கல் ஒரு தரம் ஆடியது, இன்னொரு தரம் ஆடியது, சாய்ந்துவிட்டது. அடியில் பார்த்தால் ஒரு முழ ஆழம் கூட இல்லை. இத்தனை வருஷம் எங்களை மிரட்டிக்கொண்டு நின்றவர் சும்மா மண்ணில் செருகித்தான் நின்றிருக்கிறார். கட்டடத்துக்காக வேலியோரத்துத் தேயிலைச் செடிகள் சிலதையும் கிளப்ப வேண்டியிருந்தது. அதுதான் உயிரை வாங்கியது. எங்கள் ஆட்கள் நட்ட பழைய செடிகள். வேர் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஆக்கின சோறு அதற்குத்தான் உதவியது.

லொறி கோயில் பக்கம் இறங்கிப் போனதும் எனக்கு ஒரு நிமிஷம் வெறிச்சென்று இருந்தது. பொய் சொல்வானேன். பிறந்ததிலிருந்து பார்த்த மீசை. ஆனால் அந்தச் சமதரையில் வெயில் முழுசாக விழுந்து கிடந்ததைப் பார்த்ததும் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. கட்டடம் வருகிறபோது வரட்டும் என்று, அன்றைக்கே கம்பு நட்டுத் தகரம் போட்டு ஒரு கொட்டகை எழுப்பிவிட்டார்கள். தொட்டில்களைப் பழைய காம்பராவிலிருந்து நாங்களே தூக்கி வந்தோம்.

மறுநாள் காலையில் கிருஷிகாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இராக்கம்மாக்கா கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் பழக்கத்தில் அவள் முன்னால் வரிசையாக நின்று, கண்ணை மூடி நெற்றியைக் காட்டின. அவள் கை இடுப்புப் பக்கம் டப்பாவைத் தேடிப் போயிற்று. டப்பா இல்லை. அதைச் சிலையோடேயே அனுப்பிவிட்டாள்.

பிள்ளைகள் நின்றுகொண்டேயிருந்தன. அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பக்கத்தில், கல் பிடுங்கின குழியில் விரலை விட்டு ஈரமண்ணைத் தொட்டு, ஒவ்வொரு நெற்றியாக வைத்துக்கொண்டு வந்தாள். கிருஷிகாவின் முறை வந்ததும் அவள் ஒரு கண்ணைத் திறந்து, "இது என்ன சாமி?" என்று கேட்டாள்.

"சாமி இல்லடி, மண்ணு. ஆடாம நில்லு" என்றாள் இராக்கம்மாக்கா.

நான் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினேன். அன்றைக்குக் கொழுந்து நன்றாக இருந்தது. கூடை நிறைந்து, நிறுவைக்கு இறங்குகிற நேரத்தில்தான் ஞாபகம் வந்தது, காலையிலிருந்து ஒரு தரமாவது நான் திரும்பிப் பார்க்கவில்லை.